விடியும்வரை மீதி வைக்காதீர்கள்

வேதாகமத்தை ஆதியாகமம் தொடங்கி வரிசையாக வாசிக்க உட்காரும் வாலிபப் பிள்ளைகள் பெரும்பாலும் லேவியராகமத்தில் வந்து நின்றுவிடுகிறீர்கள். பலி, கொழுப்பு, குண்டிக்காய், இரத்தம் தெளித்தல் என்று பக்கம் பக்கமாக வருகிறது. இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சங்கீதத்துக்குப் போய்விடுகிறீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் உங்களில் பலருக்கும், சிலருடைய அம்மா அப்பாவுக்கும் பாடம் சொல்லித்தந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: லேவியராகமத்தின் ஏழாம் அதிகாரத்தையாவது ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். கர்த்தருக்கு நன்றி செலுத்துவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சமாதான பலி செலுத்த வருகிறவனுக்கு அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. கொழுப்பு பலிபீடத்துக்கு. மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு. மிச்ச இறைச்சி கொண்டுவந்தவனுக்கே. அவனும் அவன் வீட்டாரும் சாப்பிடலாம். நேர்ந்துகொண்டதற்காகவோ மனசாரக் கொடுப்பதற்காகவோ கொண்டுவந்த பலி என்றால் மீதியை மறுநாளும் வைத்துச் சாப்பிடலாம். ஆனால் ஸ்தோத்திரமாகக் கொண்டுவந்த பலிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை ஒரு துண்டும் மீந்திருக்கக் கூடாது. அதோடு சேர்த்துச் செலுத்தும் அதிரசங்களும் அடைகளும் புளித்த அப்பமும் வேறு இருக்கின்றன.

ஏன் இப்படி என்று அந்த அதிகாரம் காரணம் சொல்லவில்லை. ஆனால் நாலு பேருக்கு ஆக்கிப் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் அது விளங்காமல் போகாது. ஒரு முழு ஆட்டையோ மாட்டையோ ஒரே நாளில் ஒரு குடும்பம் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டே ஆக வேண்டும். வழியில் போகிறவனையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தவன் சும்மா சாப்பிடுவானா? என்ன விசேஷம் என்று கேட்பான். அப்போது, நான் செத்துப் பிழைத்தேன் ஐயா, கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டார் என்று கதையைச் சொல்லியாக வேண்டும். எடுத்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட இடமே கொடுக்காத சட்டம் அது. நன்றியை வீட்டுக்குள் பூட்டி வைக்க முடியாதபடி அவர் செய்துவைத்திருக்கிறார் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. அசனம் என்றால் என்னவென்று நீங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். ஒருத்தர் ஆடு கொடுப்பார், ஒருத்தர் அரிசி மூட்டை, ஒருத்தர் விறகு. கொடுக்க ஒன்றுமில்லாதவர் முந்தின நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். மறுநாள் எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே குழம்பு. ஊரில் எந்தச் சாதி எந்த மதம் என்று பாராமல் வந்து சாப்பிட்டுவிட்டு, தூக்குச்சட்டியிலும் வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அசனத்துக்குப் பணத்தை அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறீர்கள். பணம் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வருஷமாவது வந்து பந்தியில் வாளியைத் தூக்கிப் பரிமாறிப் பாருங்கள். கொடுத்தவன் யார், வாங்கினவன் யார் என்று தெரியாமல் போகிற அந்த ஒரு மணி நேரம் வேறு எங்கும் கிடைக்காது.

நான் பனையேறி வீட்டுப் பிள்ளை. இடையன்குடிப் பக்கம் செம்மண் தேரிக்காடு எங்கள் ஊர். 1841-ல் கால்டுவெல் ஐயர் நடந்தே வந்து சேர்ந்த அதே பூமிதான். பதனீர்க் காலம் வந்துவிட்டால் அப்பா கருக்கலிலேயே தளைநாரும் அரிவாள்பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார்கள். காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். பாளையை மெல்லியதாகச் சீவிவிட வேண்டும், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். இல்லாவிட்டால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். அம்மா விறகை எரித்துக் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பார்கள். ஒருநாள் அப்பா ஏறாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. தவறி விழுந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அந்த வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் நீளமாக இருக்கும். அம்மா ஜெபிக்கும்போது பொதுப்படையாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு மரத்தில் கால் வழுக்காமல் காத்ததற்கு ஸ்தோத்திரம் என்பார்கள். அடுத்த மூச்சில், அரிவாளை நல்ல பதமாகத் தீட்டிக்கொடுத்த கொல்லருக்காக ஸ்தோத்திரம், கடனுக்குச் சுண்ணாம்பு கொடுத்தவருக்காக ஸ்தோத்திரம், தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து நாலு சாளை கூடப் போட்ட அக்காவுக்காக ஸ்தோத்திரம் என்று ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லி வருவார்கள். கொல்லர் சபைக்காரர் இல்லை, அம்மன் கொடைக்கு வரி கொடுக்கிறவர். அவர் பேர் எங்கள் வீட்டு ஜெபத்தில் தினமும் உண்டு. பருவத்தின் முதல் கருப்பட்டி கோயிலுக்குப் போகும். அதே நாளில் இன்னொன்று கொல்லர் வீட்டுக்கும் போகும். இரண்டையும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கோயிலுக்குக் கொடுத்தாயிற்றே, அங்கேயும் ஏன் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். கர்த்தர் அவர் கையால்தானே கொடுத்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். பிற்பாடு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். அதைத் தாண்டி நன்றியைப் பற்றி யாரும் எனக்கு அதிகமாகச் சொல்லித்தந்துவிடவில்லை.

கைப்பிடி அரிசிக் காணிக்கையும் இதே வழிதான். சோறு வடிக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. கலயம் சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோவது. வடகிழக்கே மிசோரம் மலைகளில் இருக்கும் சபைப் பெண்கள் 1910-லிருந்து இதையே செய்துவருகிறார்கள். பணக்காரக் காணிக்கை இல்லை அது. வீட்டுச் சோற்றில் ஒரு வாய் குறையும், அவ்வளவுதான். கையில் காசு புழங்காத பனைத்தொழிலாளி வீட்டுப் பெண்களும் கொடுக்க முடிந்த காணிக்கை. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழகிய நம் ஜனங்கள்தான் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தங்கள் சொந்தப் பணத்தில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவரான அசரியா ஐயர் நம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார். தங்களுக்கு யாரோ கடல் தாண்டி வந்து சொன்னார்களே என்று நினைத்தவர்கள், தாங்களும் ஒரு பாஷை தாண்டிப் போனார்கள்.

இனி உங்கள் காலத்துக்கு வருகிறேன். சாப்பிடுமுன் கண்ணை மூடி ஜெபிக்கிறீர்கள். நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஹோட்டலில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்படவும் வேண்டாம். ஆனால் ஆமென் சொன்ன வாயை மூடுவதற்கு முன்பே உப்புப் பற்றவில்லை என்று ஆக்கினவளைக் கடிந்துகொள்ளும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தச் சோறு மேலிருந்து நேரே தட்டில் விழவில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்தவள் ஒருத்தி இருக்கிறாள். கல்யாணமான பிள்ளைகள் இதை முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சபையில் எழுந்து நின்று கர்த்தர் எனக்கு நல்ல மனைவியைத் தந்தார் என்று சாட்சி சொல்கிற தம்பிமார், அதைச் சமையல்கட்டில் போய் அவளிடம் ஒருமுறை சொல்லுங்கள். அவள் அதைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

பவுல் அப்போஸ்தலனுடைய நிருபங்களில் உபதேசப் பகுதியை அடிக்கோடிட்டு வாசிக்கிறீர்கள், கடைசி அதிகாரத்தை விட்டுவிடுகிறீர்கள். ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்ட பேர்களை வரிசையாகச் சொல்லி விசாரிக்கிறார். பெபேயாள் பலருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவள் என்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவும் துணிந்தவர்கள் என்று எழுதி, தான் மாத்திரமல்ல, புறஜாதிச் சபைகளெல்லாம் அவர்களுக்கு நன்றி சொல்வதாகச் சேர்க்கிறார். ரூப்பு என்பவனுடைய அம்மாவைத் தனக்கும் அம்மா என்கிறார். அந்த அம்மா பவுலுக்கு என்ன செய்தார்களோ, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தார்களோ, நமக்குச் சொல்லப்படவில்லை. பவுலுக்கு மறக்கவில்லை. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பின உதவிக்கு, சிறையிலிருந்துகொண்டு எத்தனை பக்குவமாக நன்றி எழுதுகிறார் பாருங்கள். எல்லாம் கர்த்தர் தந்தது என்று நம்பின மனுஷன்தான் அவர். அதனால்தான் யார் கையால் தந்தார் என்று இவ்வளவு கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார்.

நன்றி என்ற பேரில் நாம் செய்துவிடுகிற ஒரு காரியம் என்னை வருத்துகிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி இரண்டு கரையையும் தாண்டிப் போனது. குளங்கள் உடைந்தன. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தபோது வாழையும் நெல்லும் ஆடும் மாடும் போயின. அந்த வருஷக் கடைசி இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் கொடுத்தார்கள். ஒரு அம்மா எழுந்து, தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிவிட்டது, எங்கள் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது, கர்த்தர் எங்களைப் பிரித்தெடுத்துக் காத்தார் என்று கண்ணீரோடு சொன்னார்கள். சபை ஸ்தோத்திரம் என்றது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பெருமைக்காகவும் சொல்லவில்லை, மனசு நிறைந்து சொன்னார்கள். ஆனால் பின்வரிசையில், மண்சுவர் இடிந்து, இரண்டு ஆடும் போய், யாரோ கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்போ எங்க வீட்டைக் கர்த்தர் பாக்கலையா டீச்சர்?” என்று கேட்டாள்.

வார்த்தையில் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அவளோடு அவள் தங்கியிருந்த இடத்துக்கு நடந்துபோனேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன்.

ஆண்டவர் சொன்ன பரிசேயன் கதையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அவன் ஜெபம் எப்படித் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நன்றி சொல்லித்தான் தொடங்குகிறது. மற்றவர்களைப் போல, அங்கே தூரத்தில் நிற்கும் ஆயக்காரனைப் போல நான் இல்லாததற்காக நன்றி என்கிறான். வெளிப்பார்வைக்கு அது ஸ்தோத்திர ஜெபம்தான். ஆனால் அது நிற்பதே பக்கத்தில் ஒருவன் கீழே கிடப்பதால்தான். ஆஸ்பத்திரியில் ஒரு ஊனமுற்ற பிள்ளையைப் பார்த்துவிட்டு, நமக்கு அப்படி இல்லையே, ஸ்தோத்திரம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ரோட்டோரம் படுத்திருக்கிறவரைக் காட்டி, பார், உனக்கு வீடு இருக்கிறது, நன்றியாயிரு என்கிறோம். அந்தப் பிள்ளையும் அந்த மனுஷரும் நாம் நன்றி கற்றுக்கொள்வதற்காகப் படைக்கப்பட்டவர்கள் இல்லை. அவர்களைப் பார்த்து உங்களுக்கு நன்றி பொங்கினால் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். உட்கார முடியாத நன்றி வேண்டாம்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறாதவர்கள் பலர் அந்த வாரம் செய்த காரியங்கள் வேறு உண்டு, அவற்றையும் சொல்லாவிட்டால் தப்பு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். அடியில் மண் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்து அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். கடை இல்லை, கரண்ட் இல்லை, நாளைக்குத் தங்களுக்கு என்ன என்று தெரியாது. அவர்கள் நம் சபையார் இல்லை. பத்துக் குஷ்டரோகிகள் சுகமான சம்பவத்தில், பாதி வழியிலிருந்து திரும்பி நடந்துவந்து ஆண்டவர் காலில் விழுந்தவன் ஒரே ஒருவன், அவனும் சமாரியன் என்று லூக்கா அழுத்திச் சொல்கிறார். நன்றியையும் தயவையும் நமக்குக் கற்றுத்தருகிறவர்கள் நம் மதிலுக்கு வெளியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்வதில் நம் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்களில் ஒரு தம்பி போன மாதம் என்னிடம் வந்து, “ஆச்சி, மூணு வருஷமா பரீட்சை எழுதுறேன், வேலை கிடைக்கல. எதுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்றீங்க?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வேலை கிடைக்காததற்கு ஸ்தோத்திரம் சொல்லு என்று நான் சொல்ல மாட்டேன். வலிக்கிறது என்று கர்த்தரிடம் சொல்லு மக்கா. சங்கீதப் புஸ்தகத்தில் பாதி வலிதான். 88-ம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. ஒரு நன்றி வார்த்தையும் கடைசியில் ஒட்டவைக்கப்படவில்லை. அப்படியே அதை வேதத்தில் வைத்திருக்கிறார் கர்த்தர். லாசருவின் கல்லறைக்கு வந்தபோது ஆண்டவர் பிதாவுக்கு நன்றி சொன்னார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னே அழுதார். அந்த வரிசையை நாம் மாற்றக் கூடாது. துக்க வீட்டில் போய் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று உபதேசிக்கிறவர்கள் அழுகிற இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நம் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இதை அறிந்தவர்கள். 1931-ல் ஒருமுறை தவறி விழுந்த பிறகு 1951-ல் கண்மூடும்வரை பெரும்பாலும் கட்டிலிலேயே கிடந்தார்கள். வியாதிக்காரருக்கு ஆறுதல் என்று சுகமாயிருப்பவர்கள் எழுதின புஸ்தகங்கள் தன்னைத் தொடவில்லை என்று கண்டு, வியாதிக்காரியாகவே மற்ற வியாதிக்காரருக்குக் கடிதங்கள் எழுதினார்கள். 1933-ல் அவை புஸ்தகமாக வந்தன. கட்டிலில் கிடக்கிறவருக்கு நன்றியைக் கற்பிக்கும் அதிகாரம் கட்டிலில் கிடந்தவருக்கே உண்டு. நமக்கு அந்த அதிகாரம் இல்லாதபோது, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது.

அப்படியானால் கஷ்டகாலத்தில் நன்றிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. பவுல் கைதியாகக் கப்பலில் போனபோது பதினாலு நாள் புயல். அந்தக் கப்பலில் 276 பேர். சிப்பாய்கள், மாலுமிகள், கைதிகள். யாரும் சாப்பிடவில்லை. விடியும் நேரத்தில் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் திடமனப்பட்டுச் சாப்பிட்டார்கள். புயலுக்காக அவர் நன்றி சொல்லவில்லை. இந்தப் பயணமே வேண்டாம் என்று முதலில் எச்சரித்தவரே அவர்தான். கையிலிருந்த அப்பத்துக்காக நன்றி சொன்னார். கப்பல் என்னவோ உடைந்துதான் போனது.

முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில் ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற மதில் சூழ்ந்த ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு லுத்தரன் போதகர் இருந்தார். போருக்குத் தப்பி வந்தவர்களால் ஊர் நிரம்பி வழிந்தது. 1637-ல் கொள்ளைநோய் வந்து மற்றப் போதகர்களும் இல்லாமல் போக, அந்த ஒரே வருஷத்தில் அவர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் பண்ணினார். அவருடைய மனைவியும் அவர்களில் ஒருவர். பின்னாலே பஞ்சம் வந்தது. தனக்கு இருந்ததில் பெரும்பகுதியை வாசலுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார். இன்றைக்கு உலகமெங்கும் சபைகள் பாடுகிற ஒரு பெரிய நன்றிப் பாட்டு அவர் எழுதியது. பெரிய கோயிலில் வெற்றிவிழாவுக்குப் பாட எழுதியதாக நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது பிள்ளைகளோடு சாப்பாட்டு மேசையில் சொல்வதற்காக அவர் எழுதின சின்ன ஜெபம். சாவு தெருவில் நின்றபோதும் அந்த வீட்டில் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் இருந்தார்கள், ஏதோ கொஞ்சம் அப்பம் இருந்தது. அதற்கு நன்றி சொன்னார். பிறகு அந்த அப்பத்தில் பாதியை வாசலுக்குக் கொண்டுபோனார்.

ஆகையால் தம்பி, உனக்கு வேலை கிடைக்காத மூணு வருஷமும் உனக்கு யார் சோறு போட்டார்கள்? பரீட்சைக்குப் பணம் கட்டியது யார்? லைப்ரரியில் மூடுகிற நேரம் தாண்டியும் உன்னை உட்கார விட்டவர் ஒருவர் இருந்தார் என்று நீயே சொன்னாயே. உன் அக்கா தன் சம்பளத்தில் மாதாமாதம் அனுப்பினாள். அவர்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லு; அவர்களிடமும் போய்ச் சொல்லு. வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்காதே. அக்காவுக்கு இன்றைக்கே போன் போடு.

வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சம்பளத்தைக் கவரில் போட்டுப் படைக்கிறீர்கள், வருஷாவருஷம் பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கையும் அனுப்புகிறீர்கள், பேர் வாசிக்கிறார்கள். சந்தோஷம். ஆராதனைக்கு முன்னே வந்து தரையைப் பெருக்கி, மணியடித்து, பாய் விரிக்கிறாரே நம் கோயில்பிள்ளை, அவருக்குக் காலில் நல்ல செருப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா? உங்களுக்கு அ எழுதப் பழக்கின டீச்சர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் அம்மா பிரசவத்துக்குப் போயிருந்தபோது உங்களைத் தூக்கி வைத்திருந்த பக்கத்து வீட்டு பீவியம்மா இப்போது மகன் வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறார்கள். காணிக்கைக் கவரை எழுதுமுன் இவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். காணிக்கையைக் குறைக்கச் சொல்லவில்லை. போய்வந்த பிறகு நீங்கள் போடும் தொகை கூடினாலும் கூடும்.

நன்றி சொல்ல வேண்டியவர் இறந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறீர்கள். அதற்கும் வேதத்தில் வழி இருக்கிறது. தாவீது காட்டிலும் குகையிலும் ஒளிந்து திரிந்த காலத்தில் அவனைக் காப்பாற்றின சிநேகிதன் யோனத்தான், கில்போவா மலையில் செத்துப்போனான். தாவீது ராஜாவாகி எல்லாம் நிலைப்பட்ட பிறகு, யோனத்தானுக்காக நான் தயவு செய்யும்படி அந்த வீட்டில் யாராவது மீதி இருக்கிறார்களா என்று விசாரித்தான். இரண்டு காலும் முடமான ஒரு மகன், மேவிபோசேத், லோதேபாரில் யாரோ வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. ஆள் அனுப்பிக் கூட்டிவந்து, அவன் தாத்தாவின் நிலத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்து, தன் பந்தியிலேயே நாள்தோறும் உட்கார வைத்தான்.

உங்களுக்கும் அப்படி யாராவது இருப்பார்கள். ஃபீஸ் கட்டின பெரியவர், ஹாஸ்டலில் இடம் வாங்கித் தந்த உபதேசியார், ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த அண்ணன். அவர்கள் போய்விட்டார்கள் என்றால் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள், என்ன நிலைமையில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். நம் சேகரத்தில் யார் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். தெரியாததைக் கேட்டுச் சொல்கிறேன்.